வீட்டுக் கம்ப்யூட்டரில் பாடம் நடத்துவது யார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. முன்பெல்லாம் எவ்வளவு மெமரி போதும், எந்த ஆன்டி வைரஸ் நல்லது என்று கேட்பார்கள். இப்போது என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் கேட்பது வேறு. "சார், பையன் படிக்கணும்னுதான் வாங்கினோம். இனிமே டியூஷனை நிறுத்திடலாமா?"

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வசிப்பவன். மாலை நேரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறேன். இங்கே பல வீடுகளில் அப்பா சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஷிப்ட் வேலை பார்ப்பவர். முதல் ஷிப்ட் வாரத்தில் மாலையில் வீட்டில் இருப்பார். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பிள்ளை தூங்கிய பிறகுதான் வருவார். நைட் ஷிப்ட் என்றால் பிள்ளை படிக்கும் நேரத்தில் அவர் வேலைக்குக் கிளம்பிக் கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார ஆளில்லாத வீட்டில் கம்ப்யூட்டராவது உட்காரட்டும் என்று நினைப்பது இயல்புதான்.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. "வாத்தியார் போர்டில் எழுதிச் சொன்னால்தான் படிப்பு. மற்றதெல்லாம் விளையாட்டு" என்பது ஒரு கட்சி. "பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதே இல்லை. கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால் போதும்" என்பது மற்றொரு கட்சி. கல்வியாளர்கள் முதலாவதை ஆசிரியர் மையக் கல்வி என்றும், இரண்டாவதைக் கற்பவர் மையக் கல்வி என்றும் சொல்கிறார்கள். வகுப்பறைப் பாடமும் கம்ப்யூட்டர் வழிப் பாடமும் சேர்ந்து நடப்பதற்குக் கலப்புக் கல்வி என்று பெயர். நம் வீடுகளில் பெயர் தெரியாமலே இதுதான் நடக்கிறது. காலையில் பள்ளி, மாலையில் வீடியோ பாடம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாலேயே படிப்பு பிள்ளையின் கைக்கு வந்துவிடாது. புதுப் பாடம் தொடங்கும்போது கடிவாளம் சொல்லித் தருபவர் கையில் இருக்க வேண்டும். பிறகு அது படிப்படியாகப் பிள்ளையின் கைக்கு மாற வேண்டும். அந்தக் கைமாற்றம் நடந்தால் பழைய கம்ப்யூட்டரும் பயன்படும். நடக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது இன்னொரு டி.வி.தான்.

வீடியோ பாடம் யார் பக்கம்?

வீடியோ பாடம் என்றால் நவீனக் கல்வி, மாணவர் தாமாகக் கற்கும் முறை என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வகுப்பில் ஆசிரியர் பேசும்போது கடைசி பெஞ்சில் ஒருவன் விழிப்பதைப் பார்த்து நிறுத்துவார். "என்னடா புரியலையா?" என்று கேட்பார். வீடியோவில் பேசுபவர் யார் விழித்தாலும் நிறுத்த மாட்டார். அந்த வகையில் வீடியோ என்பது வகுப்பறையை விடவும் கடுமையான ஆசிரியர் மையக் கல்வி.

தமிழ்நாட்டில் இதை நாம் அனுபவித்தே பார்த்தோம். அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டது. ஏழு மாதத்தில், 2020 மார்ச்சில், கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடைப்பட்ட 19 மாதங்களில் லட்சக்கணக்கான வீடுகளில் பள்ளிக்கூடம் என்றால் டி.வி. பெட்டிதான். செல்போன் இல்லாத வீட்டுக்கும் பாடம் போய்ச் சேர்ந்தது என்ற அளவில் அது பெரிய உதவி. ஆனால் டி.வி.யில் ஓடும் பாடத்தை நிறுத்த முடியாது. பின்னால் போய் மறுபடி கேட்க முடியாது. பின்னக் கணக்கில் ஒரு வரி தவறினால் மீதி அரை மணி நேரமும் வீண்.

கம்ப்யூட்டரின் முதல் நன்மை இங்கேதான் வருகிறது. அதே பாடத்தை யூடியூபில் போட்டால் நிறுத்தலாம், திருப்பலாம், மெதுவாக்கலாம். கீபோர்டில் கே எழுத்தை அழுத்தினால் வீடியோ நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். ஜே எழுத்து பத்து நொடி பின்னால் கொண்டு போகும். எல் எழுத்து பத்து நொடி முன்னால் கொண்டு போகும். இந்த மூன்று கீகளும் பிள்ளையின் விரலுக்குப் பழக்கமானால் பாடத்தின் வேகம் அவன் கைக்கு வருகிறது. நான் சொல்லும் கைமாற்றத்தின் முதல் படி இதுதான்.

ஆனால் நிறுத்த முடியும் என்பதும் நிறுத்துகிறான் என்பதும் ஒன்றல்ல. என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தானாக விட்டால் இருபது நிமிட வீடியோவைச் சினிமா போல முழுதாகப் பார்ப்பார்கள். ஒருமுறை கூட நிறுத்த மாட்டார்கள். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்பார்கள். ஸ்கிரீனை அணைத்துவிட்டு ஒரு தாளைக் கொடுத்தால் கை ஓடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிய வேண்டுமானால் எங்கே புரியவில்லை என்பது தெரிய வேண்டும். புதிதாகக் கற்பவருக்கு அதுதான் தெரியாது. யாராவது ஒருவர் அதைப் பழக்கிக் கொடுக்க வேண்டும்.

அட்டைகளும் ஏணியும்

இந்தக் கைமாற்றத்தைத் திட்டமிட்டுச் செய்ய முடியுமா? தமிழ்நாட்டில் செய்து பார்த்திருக்கிறோம். அதற்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை.

2003ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் இதை முன்னின்று நடத்தினார். ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டை முறைதான் இதற்கு அடிப்படை. 2007-08ல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்கு இது வந்தது. பெஞ்சுகள் போய்ப் பாய்கள் வந்தன. குழந்தையின் உயரத்துக்குச் சுவரில் தாழ்வாகக் கரும்பலகை வந்தது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி போல வரிசையாக்கப்பட்டது. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் படியேறும்.

வெளியிலிருந்து பார்த்தவர்கள் "ஆசிரியருக்கு வேலையே இல்லை" என்றார்கள். உள்ளே இருந்த ஏற்பாடு வேறு. ஒவ்வொரு அட்டையும் குழந்தையை ஆறு குழுக்களில் ஒன்றுக்கு அனுப்பும். முதல் குழுவில் ஆசிரியரே முழுவதும் உதவுவார். இரண்டாவதில் ஓரளவு உதவுவார். மூன்றாவதில் உடன் படிக்கும் பிள்ளை உதவும். நான்காவதில் அந்த உதவியும் குறையும். ஐந்தாவதில் குழந்தை தானாகச் செய்யும். ஆறாவது குழுவில் கற்றது சோதிக்கப்படும்.

இந்த ஆறு குழுக்களைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆசிரியர் மையமா, கற்பவர் மையமா என்று இத்தனை காலம் நடக்கும் சண்டைக்கு இதில் இடமே இல்லை. இரண்டும் ஒரே ஏணியின் கீழ்ப்படியும் மேல்படியும். புதுப் பாடத்துக்கு ஆசிரியரின் கை, பழகப் பழகத் தோழனின் கை, கடைசியில் தன் கை. அடுத்த பாடம் வந்தால் மீண்டும் முதல் படியிலிருந்து ஏறவேண்டும்.

குறைகளும் இருந்தன. அந்த ஆண்டுகளில் வகுப்பெடுத்த ஆசிரியர்கள் சிலர் என்னிடம் சொன்னதுண்டு. நாற்பது குழந்தைகள் நாற்பது படியில் நின்றால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று நினைவில் வைப்பதே பெரிய வேலையாம். அட்டை ஒன்று தொலைந்தால் அந்தப் படியே காணாமல் போகும். வீட்டுப் பாடமும் புத்தகமும் கண்ணில் படாததால் பெற்றோருக்குச் சந்தேகம். எனக்குத் தோன்றுவது இதுதான்: யார் எந்தப் படியில் நிற்கிறார் என்று கணக்கு வைப்பதும், அட்டை தொலையாமல் பார்த்துக் கொள்வதும் கம்ப்யூட்டருக்கு மிக எளிய வேலை. குழந்தையின் பக்கத்தில் பாயில் உட்காருவது அதனால் முடியாத வேலை. கலப்புக் கல்வியில் வேலைப் பங்கீடு இப்படித்தான் இருக்க வேண்டும்.

சுரங்கம் சொல்லும் பாடம்

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்க நான் சுரங்கத்தையே உதாரணம் காட்டுவேன். எங்கள் திறந்தவெளிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே உள்ள மண்ணை வெட்டி எடுப்பது சக்கரத்தில் வாளிகள் சுழலும் ராட்சத எந்திரங்கள். வெட்டிய மண்ணைக் கன்வேயர் பெல்ட் கொண்டு போகும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாளே அந்த எந்திரத்தின் கேபினில் உட்காரவைத்து "நீயே கண்டுபிடித்துக்கொள்" என்று யாரும் விடமாட்டார்கள். அதற்காக அவரை வருடக்கணக்கில் வகுப்பில் உட்காரவைத்துப் படம் காட்டிக் கொண்டிருப்பதும் இல்லை.

சுரங்கத்தில் வேலை செய்பவருக்குப் பயிற்சி கட்டாயம் என்பது 1966ம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளிலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து அப்ரன்டிஸ் ஆகச் சேரும் பிள்ளைகளுக்கு 1961ம் ஆண்டின் சட்டம். இரண்டிலும் வகுப்பறைப் பாடமும் உண்டு, கைவேலையும் உண்டு. முதலில் சொல்லிக் கேட்பது, பிறகு அனுபவசாலி செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, பிறகு அவர் பார்க்கத் தான் செய்வது, கடைசியில் தனியாகச் செய்வது. எந்தத் தொழிலையும் இந்த வரிசையில்தான் கற்கிறோம். இப்படி வேலை கற்றுக்கொண்ட அப்பாக்களே, பிள்ளையின் படிப்பு என்று வரும்போது மட்டும் எந்திரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக் கொள்கிறார்கள்.

தனியாக விட்டால் என்ன ஆகும்?

"ஆனால் குழந்தைகள் கம்ப்யூட்டரைத் தானாகவே கற்றுக் கொள்கிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். சுகதா மித்ரா என்பவர் 1999ல் டில்லி கல்காஜி பகுதியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு, குடிசைப் பகுதிப் பிள்ளைகள் கையாளும்படி ஒரு கம்ப்யூட்டரை வைத்தார். யாரும் சொல்லித் தராமலே பிள்ளைகள் மவுஸைப் பிடித்து, ஐகான்களைக் கிளிக் செய்து, இன்டர்நெட் வரை போய்விட்டார்கள். உலகம் முழுதும் பேசப்பட்ட சோதனை அது.

அதே மித்ரா பிறகு தென்னிந்தியாவில் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் ஒரு கடினமான கேள்வியைக் கேட்டார். தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகள், ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியல் பாடத்தைச் சுவர்க் கம்ப்யூட்டரில் தாமாகக் கற்க முடியுமா? முடியாது என்று நிரூபித்து, ஆசிரியர் தேவை என்று காட்டுவதுதான் அவருடைய எண்ணம். 2010ல் அந்த ஆய்வு வெளியானது. தொடக்கத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்த பிள்ளைகள் இரண்டு மாதத்தில் சுமார் 30 சதவீதம் மதிப்பெண் எடுத்தார்கள். பாடம் நடத்தப்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமான நிலை அது.

ஒதுங்கி நிற்கும் கட்சிக்காரர்கள் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். 30க்கு மேல் போக முடியாமல் நின்றபோது, அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணை மித்ரா உதவிக்கு அழைத்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. அவர் செய்ய வேண்டியது, பாட்டி போலப் பின்னால் நின்று "அட, இது என்ன? எப்படிக் கண்டுபிடிச்சே? எனக்கும் சொல்லு" என்று கேட்பது மட்டும்தான். அடுத்த இரண்டு மாதத்தில் மதிப்பெண் சுமார் 50 ஆனது. டில்லியில் தேர்ந்த ஆசிரியர்களிடம் படித்த தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமமாக அவர்கள் வந்துவிட்டதாக ஆய்வு சொல்கிறது.

இது ஒரே ஒரு கிராமத்தில், சில டஜன் பிள்ளைகளோடு நடந்த சோதனை. இதை வைத்து ஆசிரியரே வேண்டாம் என்று சொல்வது அதிகப்படி. ஆய்வின் தலைப்பிலேயே தாமாகக் கற்பதன் எல்லைகள் என்றுதான் இருக்கிறது. ஆனாலும் பாடம் தெரியாத ஒருவர் பக்கத்தில் இருந்து அக்கறையாகக் கேட்பதற்கே இவ்வளவு மதிப்பு உண்டு என்பதை என் அனுபவமும் ஒப்புக்கொள்கிறது. "நான் பத்தாவதுதான் படிச்சேன், ப்ளஸ் ஒன் பாடத்தில் என்ன சொல்லித் தர முடியும்?" என்று தயங்கும் அம்மாக்களுக்கு நான் முதலில் சொல்வது காளிக்குப்பம் கதையைத்தான்.

பெரிய அளவில் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. பெரு நாட்டில் கிராமப்புறப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012ல் வெளியானது. கம்ப்யூட்டரைக் கையாளும் பழக்கம் வந்ததே தவிர, கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. டில்லியில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடந்த மையங்களில் வேறு முறை. 45 நிமிடம் ஒவ்வொரு பிள்ளையும் தன் நிலைக்கேற்ற பாடத்தை ஒரு சாப்ட்வேரில் செய்யும். அடுத்த 45 நிமிடம் சிறு குழுவாக ஒருவர் சொல்லித் தருவார். அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். சாப்ட்வேர் அவர்களை ஆறாம் வகுப்புப் பாடத்தில் தள்ளாமல், அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 2019ல் வெளியான இந்த ஆய்வு கலப்புக் கல்விக்கு நம் நாட்டிலேயே கிடைத்த நல்ல சான்று.

கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டில் நடந்ததும் இதை ஒட்டியதுதான். 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதாகவும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்ததாகவும் 2022ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 19 மாதம் திரையால் முடியாததில் ஒரு பகுதியைப் பக்கத்துத் தெரு அக்காவால் முடிந்தது.

ஆசிரியர் மையம் தவறா?

இதைப் படித்துவிட்டு, வகுப்பில் பாடம் நடத்துவதே பழைய பாணி என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். புதிதாக ஒன்றைக் கற்பவருக்குத் தெளிவான, நேரடியான விளக்கம்தான் மிகுந்த பயன் தரும். ஆஸ்திரேலியக் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். அதே சோதனைகள் இன்னொன்றையும் காட்டின. ஓரளவு தேறியவருக்கு அதே நீண்ட விளக்கம் இடைஞ்சலாகிவிடும். சைக்கிள் பழகும் பிள்ளையின் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பழகிய பிறகும் பிடித்துக்கொண்டே ஓடினால் அவன் விழுவான்.

நம் பொதுத்தேர்வு முறையில் பல பள்ளிகளும் டியூஷன்களும் சீட்டிலிருந்து கையை எடுப்பதே இல்லை. ப்ளஸ் டூ வரைக்கும் நோட்ஸ், மாதிரி வினாத்தாள், திரும்பத் திரும்ப எழுதுதல். மதிப்பெண் வருகிறது. கல்லூரியில் போய் யாரும் பிடிக்காதபோது தடுமாறுகிறார்கள். மறுபுறம், ஆன்லைன் கோர்ஸுக்குப் பணம் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் வீடுகளில் சீட்டைப் பிடிக்கவே ஆளில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். செயல்வழிக் கற்றலின் ஆறு குழுக்களைத்தான் வீட்டுக்கு ஏற்றபடி சுருக்கியிருக்கிறேன்.

முதலாவது, கம்ப்யூட்டரை ஹாலில் வையுங்கள். கண்காணிப்பதற்கு அல்ல. சமையலறையிலிருந்து வரும்போது "இது என்ன படம்?" என்று கேட்க வசதியாக இருக்கும்.

இரண்டாவது, பாடம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணைய தளத்தில் பாடப் புத்தகங்களை பி.டி.எப். வடிவில் இலவசமாக டவுன்லோட் செய்யலாம். 2018 முதல் வந்த புதிய புத்தகங்களில் க்யூஆர் கோடு அச்சிட்டிருப்பார்கள். அதைச் செல்போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் யூடியூபிலும் உண்டு. கட்டணக் கோர்ஸ் வாங்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, புதுப் பாடத்தின் முதல் பதினைந்து நிமிடம் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அம்மா, தாத்தா, அக்கா யாராக இருந்தாலும் சரி. மவுஸ் மட்டும் பிள்ளையின் கையில் இருக்கட்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி, "இப்ப என்ன சொன்னார்?" என்று கேளுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் பிள்ளை தானாக நிறுத்தப் பழகிவிடும். அதன் பிறகு நீங்கள் எழுந்து போகலாம். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் முதல் ஷிப்ட் வாரத்தில் புதுப் பாடத்தையும், மற்ற வாரங்களில் பயிற்சிக் கணக்குகளையும் வைத்துக்கொள்ளலாம். என் மாணவர்கள் வீடு இரண்டில் இந்த முறை நன்றாக ஓடுகிறது.

நான்காவது, கீபோர்டுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். வீடியோவில் ஆசிரியர் கணக்கைப் போடத் தொடங்கும்போது நிறுத்திவிட்டு, நோட்டில் தானே போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். யூடியூபில் ஆட்டோபிளே வசதியை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் பின்னக் கணக்கு முடிந்ததும் கிரிக்கெட் தானாக வந்து நிற்கும்.

ஐந்தாவது, வாரம் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்து உட்காரவையுங்கள். ஒருவர் மற்றவருக்குச் சொல்லித் தரட்டும். காளிக்குப்பத்திலும் கல்காஜியிலும் பிள்ளைகள் கூட்டமாகத்தான் கற்றார்கள். ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு ஹெட்போன் என்பது கடையில் விற்பவருக்கு நல்லது.

ஆறாவது, ஏ.ஐ. உதவியாளர்களைப் பற்றி. கேள்வியை டைப் செய்தால் விடையை முழுதாக எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அப்போது வேலை செய்தது எந்திரம், நோட்டில் இருப்பது காப்பி. "விடை வேண்டாம், அடுத்த படிக்கு ஒரு குறிப்பு மட்டும் கொடு" என்று கேட்கப் பழக்குங்கள். அது சொல்வது தவறாகவும் இருக்கலாம் என்பதால் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டும்.

பள்ளிக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர் இவ்வளவும் செய்தால் போதாது, பள்ளியும் பங்கெடுக்க வேண்டும். சில வகுப்புகளில் ஸ்மார்ட் போர்டு என்ற பெயரில் பாட நேரம் முழுக்க வீடியோ ஓடுகிறது. வீட்டில் பார்க்கக் கூடியதைப் பள்ளியில் போடுவது ஆசிரியரின் நேரத்தை வீணாக்குவது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007ல் இதைத் தலைகீழாக்கினார்கள். விளக்கத்தை வீடியோவாக வீட்டுக்கு அனுப்பினார்கள். வகுப்பு நேரத்தைக் கணக்குப் போடவும் சந்தேகம் கேட்கவும் வைத்துக் கொண்டார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பிள்ளைகளையும் கவனத்தில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். எங்கள் டவுன்ஷிப்பைச் சுற்றியுள்ள கிராமங்களில் அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே பெரிய உதவி.

டியூஷனை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். ஒரு மணி நேரம் படித்து முடித்ததும் மானிட்டரை அணைத்துவிட்டு, அன்றைய பாடத்தைப் பிள்ளையை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். திக்காமல் சொன்னால் கடிவாளம் கைமாறிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பாடத்துக்கு டியூஷன் தேவையில்லை. திக்கினால், எந்த இடத்தில் திக்கினான் என்று ஒரு தாளில் குறித்து, அடுத்த நாள் பள்ளியில் ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரால் போட முடியாத குறிப்பு அது. அதைப் போட நீங்கள் ப்ளஸ் ஒன் படித்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.